பூனை வளர்ப்பும் கருத்தடையும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கோம்பாக் மாவட்டத்தைச் சேர்ந்த ரவாங், மலேசிய வரலாற்றில் மின்சாரத்தால் பெயர்பெற்ற ஊராகும். 1894ஆம் ஆண்டில் லோக் இயூவும் காயாரோகணம் தம்புசாமிப் பிள்ளையும் இவ்வூர் ஈயச் சுரங்கத்தில் மின்னாக்கப் பொறியை நிறுவினர். மலாயாவில் மின்சாரம் முதன்முதலாகப் பயன்பட்ட இடம் என்னும் பெருமை இதனால் ரவாங்குக்குக் கிட்டியது. ஈயம், இரயில் பாதை, ரப்பர்த் தோட்டம், சிமெண்டுத் தொழிற்சாலை, 1990களில் சுங்கை சோவில் எழுந்த பெரோடுவா கார்த் தொழிற்சாலை என இவ்வூரின் வளர்ச்சியைப் படிப்படியாக எடுத்துரைப்பது எளிது.

இவ்வளர்ச்சியின் ஒவ்வொரு படியிலும் மனிதனோடு ஒட்டி வாழ்ந்தும் ஏடுகளில் இடம்பெறாத சிற்றுயிர் ஒன்று உண்டு. அது பூனை. அரிசி மூட்டை இருந்த இடத்தில் எலி இருந்தது; எலி இருந்த இடத்தில் பூனைக்கு மதிப்பு இருந்தது. இன்று அரிசி மூட்டை பொட்டலமாகிவிட்டது. பூனையின் மதிப்பும் குறைந்துவிட்டது. அதன் எண்ணிக்கை மட்டும் குறையவில்லை. பெருகிவரும் இவ்வுயிரைக் கொல்வதா, விரட்டுவதா, பிறவாமல் தடுப்பதா என்னும் வினாவுக்கு மனிதகுலம் விடை தேடிய வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கியத்திலும் வழக்கிலும் பூனை

பூனை மனிதனை அண்டி வாழத் தொடங்கியது உழவு தோன்றிய காலத்திலாகும். மேற்காசியாவில் மனிதன் தானியத்தைச் சேமிக்கத் தொடங்கியதும் எலி வந்தது. எலியைத் தேடிக் காட்டுப் பூனை வந்தது. சைப்பிரசுத் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி ஒன்றில் மனித எலும்புக்கூட்டின் அருகே ஒரு பூனையின் எலும்புக்கூடும் கண்டெடுக்கப்பட்டது. 2004இல் வெளியிடப்பட்ட இக்கண்டுபிடிப்பு அவ்வுறவின் தொன்மையைக் காட்டுகிறது.

தமிழிலக்கியத்தில் வெருகு, பூசை என்னும் பெயர்கள் வழங்குகின்றன. வெருகின் இளமைப் பெயர் குட்டி என்பதைத் தொல்காப்பிய மரபியல் வரையறுக்கிறது. மனைக்கோழி வெருகுக்கு அஞ்சும் காட்சியைக் குறுந்தொகையிலும் புறநானூற்றிலும் காணலாம். பாற்கடலை முழுவதும் நக்கிக் குடித்துவிடக் கருதிச் சென்ற பூனைக்குத் தம்மை ஒப்பிட்டு அவையடக்கம் கூறினார் கம்பர். இவை அனைத்தினும் ஆழமானது தென்கலை வைணவர் போற்றும் மார்ச்சார நியாயமாகும். தாய்ப்பூனை தன் குட்டியை வாயால் கவ்விச் செல்கிறது. குட்டி எம்முயற்சியும் செய்வதில்லை. அதுபோல் இறைவன் அடைக்கலம் புகுந்த உயிரைத் தானே தாங்குகிறான் என்பது அக்கொள்கை. அடைக்கலம் அடைந்ததன் முழுப் பொறுப்பும் அடைக்கலம் தந்தவரையே சாரும் என்னும் அறத்தை விளக்கப் பெரியோர்க்குப் பூனையே உவமையாயிற்று.

விலங்கின் இனப்பெருக்கத்தைத் தடுக்கும் முறையும் தமிழர்க்குப் புதியதன்று. ஏருக்கும் வண்டிக்கும் பழக்கும் காளையைக் காயடிப்பது உழவர் குடியின் தொன்றுதொட்ட வழக்கம். அங்கு நோக்கம் உழைப்பு. வீட்டுப் பூனைக்குச் செய்யும் கருத்தடையின் நோக்கமோ வேறு. அதற்கு மயக்க மருந்தும் தேர்ந்த கையும் வேண்டியிருந்தமையால் அது பல நூற்றாண்டுகள் பிந்தியே வந்தது.

லயம் முதல் தாமான் வரை

ரவாங்கைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் லயங்களில் வாழ்ந்த காலத்தில், பூனை எந்த ஒரு வீட்டுக்கும் தனியுரிமையாக இருந்ததில்லை. இவ்வீட்டில் கருவாட்டுத் தலை தின்னும். அடுத்த வீட்டு அடுப்படியில் உறங்கும். மூன்றாம் வீட்டுப் பரணில் குட்டி ஈனும். எலியையும் சிறு பாம்பையும் அண்டவிடாத காவலாக இருந்தமையால் அதனை எவரும் வெறுக்கவுமில்லை. தம்முடையது என்று பொறுப்பேற்கவுமில்லை. நோயும் பாம்பும் காட்டு விலங்கும் குட்டிகளுட் பலவற்றைக் கொண்டுபோயின. எண்ணிக்கை ஒருவாறு மட்டுப்பட்டிருந்தது.

பூனையின் பயன் அக்காலத்தில் எத்துணை மதிக்கப்பட்டது என்பதற்குச் சரவாக்கில் நடந்த நிகழ்ச்சி ஒன்று சான்றாகும். 1960இல் பாரியோ மலைப்பகுதியில் எலித்தொல்லை மிகுந்தபோது, பிரிட்டிஷ் விமானப்படையினர் பூனைகளைக் கூடைகளில் அடைத்து வான்குடை வழியாக இறக்கினர். வானூர்தியில் ஏற்றி அனுப்பும் அளவுக்குப் பூனை அன்று வேண்டப்பட்ட உயிராயிருந்தது.

காலம் மாறிற்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்துக் குடும்பங்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் பெயர்ந்தன. பாத்திரம் பண்டம் லாரியில் ஏறின. சாமிப்படம் மடியில் ஏறியது. பூனை பெரும்பாலும் ஏறவில்லை. ஏறிய பூனைக்கும் புதிய இடத்தில் பழைய வாழ்வு இல்லை. சுவரும் சுவரும் ஒட்டிய வீடுகளில் கடுவன்கள் இரவெல்லாம் சண்டையிட்டன. அயலார் கார்மேல் பூனை படுத்ததும் பூந்தொட்டியில் மலங்கழித்ததும் பகையாய் மூண்டன. முன்பு பலர்க்கும் உரியதாயிருந்த உயிர் இன்று எவர்க்கும் உரியதன்று என்னும் நிலைக்குத் தாழ்ந்தது.

ஓயாத பெருக்கம்

இந்நிலையைக் கடுமையாக்குவது இயற்கையின் ஒரு விதி. பெண் பூனையின் இணைவிழைச்சுப் பருவம் பகலொளியின் நீளத்தைச் சார்ந்தது. குளிர்நாடுகளில் பகல் குறுகும் மாதங்களில் அது அடங்கியிருக்கும், வேனிலில் எழும். ரவாங்கோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மூன்று பாகைக்குச் சற்று மேல் அமைந்த ஊர். இங்கு ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரமாகும். ஆதலால் இங்குள்ள பூனைக்கு ஓய்வுப் பருவம் என ஒன்றில்லை.

பெண் பூனை ஐந்து அல்லது ஆறு மாத வயதிலேயே கருத்தரிக்கக்கூடும். கருப்பக்காலம் ஏறத்தாழ ஒன்பது வாரம். ஓர் ஈற்றுக்கு மூன்று முதல் ஐந்து குட்டிகள் பிறப்பது இயல்பு. பால் கொடுக்கும் காலத்திலேயே மீண்டும் கருவுறுதலும் உண்டு. மாணவர்கள் இதனைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஒரு பெண் பூனை ஆண்டுக்கு இருமுறை நான்கு நான்காக ஈன்றால் எட்டுக் குட்டிகள். அவற்றுள் பாதி பெண்ணாயின், அடுத்த ஆண்டில் தாயோடு சேர்த்து ஐந்து பெண் பூனைகள் நாற்பது குட்டிகளை ஈனும். நடைமுறையில் இத்தனை பெருகுவதில்லை. ஏனெனில் பெரும்பாலான குட்டிகள் இறந்துவிடுகின்றன. கணக்குக்கும் நடைமுறைக்கும் உள்ள இவ்வேறுபாட்டில்தான் கொடுமை அடங்கியிருக்கிறது. குறைந்த ஒவ்வோர் எண்ணும் சாக்கடையிலோ சாலையிலோ பசியிலோ மடிந்த ஓர் உயிராகும்.

கொல்லாமல் கொல்லுதல்

மிகுந்த குட்டிகளை மக்கள் என்ன செய்தனர்? மேனாடுகளில் பிறந்த குட்டிகளை வாளி நீரில் அமிழ்த்திக் கொல்வது நெடுங்கால வழக்கமாயிருந்தது. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் அதற்கு உடன்படவில்லை. அவை வேறொரு வழியைக் கண்டன. கண் திறவாத குட்டிகளைக் கோணிப்பையிலோ அட்டைப்பெட்டியிலோ இட்டு, திரும்பி வர வழி தெரியாதபடி ஆற்றுக்கு அப்பாலும், சந்தை ஓரத்திலும், கோயில் வாசலிலும் விட்டுவருவதே அவ்வழி. சந்தையில் மீன் கிடைக்கும், கோயிலில் பால் கிடைக்கும் என்று மனம் தன்னைத் தேற்றிக்கொள்ளும்.

ஆயினும் தாயைப் பிரிந்த பச்சிளங்குட்டி மீனையும் உண்ணாது. கிண்ணத்துப் பாலையும் நக்கியறியாது. ஓரிரு நாளில் அது சாகும். கை கொல்லவில்லை, ஆனால் கை விட்டது. வள்ளுவர் கொல்லாமைக்கு மட்டுமன்றி அருளுடைமைக்கும் தனி அதிகாரம் வகுத்தார். கொல்லாதிருத்தல் ஒன்றே அருளாகிவிடாது என்பதை உணர்வதற்குச் சந்தையோரத்து அட்டைப்பெட்டி போதும்.

ஒதுக்கி விடுதல் தீர்வாகாது என்பதைச் சிலாங்கூர் மாநிலமே ஒருமுறை கண்கூடாகக் கண்டது. 2009ஆம் ஆண்டில் கிள்ளான் துறைமுகத்துக்கு அப்பாலுள்ள புலாவ் கெத்தாம் தீவில் தெருநாய்கள் மிகுந்தபோது, ஊரார் ஏறத்தாழ 300 நாய்களைப் பிடித்து, ஆளில்லாத சதுப்புநிலத் தீவுகளில் கொண்டுபோய் விட்டனர். உணவும் நன்னீரும் இல்லாத அவ்விடத்தில் அவை ஒன்றையொன்று கடித்துத் தின்னும் நிலைக்கு ஆளாயின. செய்தி வெளியானதும் விலங்கு நல அமைப்பினர் படகேறிச் சென்று எஞ்சியவற்றை மீட்க முயன்றனர். அந்நிகழ்ச்சி நாயைப் பற்றியதேயாயினும் அதன் படிப்பினை பூனைக்கும் பொருந்தும். நாய்க்கு ஒரு தீவு. பூனைக்கு ஒரு சந்தை. இரண்டும் கண்ணுக்கு அப்பால் நிகழும் சாவே.

அறுவை மருத்துவம் வளர்ந்த வரலாறு

பிறப்பைத் தடுக்கும் வழி அறிவியல் வளர்ச்சியால் வாய்த்தது. 1846இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஈதர் மயக்க மருந்து பலர் முன்னிலையில் பயன்படுத்திக் காட்டப்பட்டது. 1867இல் ஜோசப் லிஸ்டர் நச்சுக்கிருமி நீக்க முறையை வெளியிட்டார். மனிதர்க்குக் கிட்டிய இந்நலன்கள் விலங்குகளுக்கு மெதுவாகவே வந்து சேர்ந்தன. அதற்கு முன்னர்க் கடுவன் பூனையின் தலையைச் சாக்கிலோ நீண்ட காலணியிலோ நுழைத்துப் பிடித்துக்கொண்டு, மயக்கமின்றியே காயடித்தனர். விலங்குகளுக்குச் செய்யும் அறுவைகளில் மயக்க மருந்து பற்றிய சட்டம் பிரிட்டனில் 1919இல்தான் இயற்றப்பட்டது. வயிற்றைத் திறந்து செய்யவேண்டிய பெண் பூனை அறுவை, நல்ல மயக்க மருந்துகளும் நுண்ணுயிர்க்கொல்லிகளும் வந்தபின்னரே, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அன்றாடச் சிகிச்சையாயிற்று.

இன்று கால்நடை மருத்துவர், பூனையை முழு மயக்கத்தில் ஆழ்த்திப் பெண்ணாயின் கருவகங்களையும் கருப்பையையும், ஆணாயின் விதைகளையும் நீக்குகிறார். ஆண் பூனைக்குச் சில நிமிடங்களில் அறுவை முடிந்துவிடும். பெண் பூனைக்குச் சற்றுக் கூடுதல் நேரமும் சில நாள் ஓய்வும் தேவை. பொதுவாக ஐந்தாறு மாத வயதில், முதற் கருத்தரிப்புக்கு முன், இதனைச் செய்வது நலம்.

சென்னை காட்டிய வழி

கருத்தடையை ஒரு வீட்டின் தேவையாக மட்டுமன்றி ஊரின் கொள்கையாகவே முன்வைத்த முயற்சிகளுள் மிகத் தொடக்கத்தது தமிழ்நாட்டில் தோன்றியது என்பது தமிழர் அறிந்து பெருமைகொள்ள வேண்டிய செய்தியாகும். சென்னையில் கேப்டன் வி. சுந்தரம் 1959இல் இந்திய புளூ கிராஸ் அமைப்பை நிறுவினார். அந்நகர மாநகராட்சி 1860 முதலே தெருநாய்களைப் பிடித்துக் கொன்று வந்தது. நூறாண்டு கொன்றும் நாய்கள் குறையவில்லை. நாளொன்றுக்குக் கொல்லப்படும் நாய்களின் தொகை ஏறியதேயன்றி இறங்கவில்லை.

காரணம் எளிது. ஓரிடத்தில் எத்தனை உயிர்கள் வாழலாம் என்பதை அங்குக் கிடைக்கும் உணவும் மறைவிடமும் முடிவு செய்கின்றன. உள்ளவற்றைக் கொன்றால், எஞ்சியவற்றுக்கு உணவு மிகும். அவற்றின் குட்டிகள் பிழைக்கும். அயலிடத்து விலங்குகளும் வந்து குடியேறும். கருத்தடை செய்து அதே இடத்தில் விட்டாலோ, அவ்விலங்கு தன் இடத்தைக் காத்துக்கொண்டு, பெருகாமல் வாழ்ந்து முடியும். இவ்வுண்மையை உணர்ந்த புளூ கிராஸ் அமைப்பு 1964இல் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை முன்வைத்தது. மாநகராட்சி அதனை ஏற்க முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1990களின் நடுவில் சென்னை கொல்லும் முறையைக் கைவிட்டுக் கருத்தடை முறைக்கு மாறியது. 2001இல் இந்திய அரசு நாய்களுக்கான பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளை நாடு முழுமைக்கும் இயற்றியது. 2023இல் அவை புதுப்பிக்கப்பட்டன.

பூனையைப் பொறுத்தவரை, 1970களில் பிரிட்டனில் தெருப்பூனைகளைப் பொறியிற் பிடித்து, கருத்தடை செய்து, மீண்டும் அவ்விடத்திலேயே விடும் முறை பரவியது. அறுவை முடிந்த பூனையின் ஒரு காது நுனியைச் சிறிது நறுக்கி அடையாளமிடுவர். இன்று கிள்ளான் பள்ளத்தாக்கின் உணவுக்கடைகளிலும் நுனி நறுக்கிய காதுடன் திரியும் பூனைகளைக் காணலாம். அது காயமன்று, யாரோ ஒருவர் அவ்வுயிருக்காகச் செலவிட்ட அக்கறையின் முத்திரை.

மலேசியாவில் சட்டமும் சமயமும்

சிலாங்கூர் மிருகவதைத் தடுப்புச் சங்கம் 1958இல் தோன்றியது. 1970களின் தொடக்கத்தில் செர்டாங் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவப் புலம் அமைந்து, உள்நாட்டிலேயே மருத்துவர்கள் உருவாக வழி பிறந்தது. 1987இல் பாவ்ஸ் என்னும் விலங்குநல அமைப்பும் கிள்ளான் பள்ளத்தாக்கில் பணியைத் தொடங்கிற்று. ஆதரவற்றவற்றுக்குப் புகலிடம் தருவதோடு கருத்தடையை வலியுறுத்துவதும் இத்தகைய அமைப்புகளின் நெடுநாள் தொண்டாகும்.

மலாய் மொழியில் இவ்வறுவையைக் கெம்பிரி என்பர். நபித்தோழர் ஒருவர் பூனைக்குட்டியின்பால் கொண்ட அன்பால் அபூ ஹுரைரா, அதாவது பூனைக்குட்டியின் தந்தை, எனப் பெயர்பெற்றார். பூனையை நேசிக்கும் முஸ்லிம் மக்களிடையே, படைப்பை மாற்றலாமா என்னும் ஐயம் எழுந்தது இயல்பே. 2002இல் தேசியப் பத்வா குழு இதனை ஆராய்ந்து, கட்டுப்பாடற்ற பெருக்கத்தைத் தவிர்க்கும் நன்னோக்கத்துடன் பூனைக்குக் கருத்தடை செய்ய இடமுண்டு என முடிவு செய்தது.

சட்டமும் மெல்ல மாறியது. 1953ஆம் ஆண்டு விலங்குகள் சட்டத்தின்படி கொடுமைக்கு விதிக்கத்தக்க அபராதம் நெடுங்காலம் 200 ரிங்கிட்டாகவே இருந்தது. 2013இல் அது 50,000 ரிங்கிட் வரை உயர்த்தப்பட்டது. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் 2017இல் நடைமுறைக்கு வந்தது. கொடுமைக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க அது வகை செய்கிறது. உணவும் உறைவிடமும் மருத்துவமும் தருவது உரிமையாளரின் கடமை என்பதையும் அது நிலைநாட்டியது.

அச்சட்டத்தின் வலிமை ரவாங்குக்கு அருகிலேயே சோதிக்கப்பட்டது. 2018 செப்டம்பரில் கோம்பாக் வட்டாரத்துச் சலவை நிலையம் ஒன்றில் சினைப்பூனை ஒன்று உலர்த்தும் இயந்திரத்துள் இடப்பட்டு இறந்தது. வழக்கு செலாயாங் நீதிமன்றத்தில் நடந்து, 2019இல் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. நாடே கண்கலங்கிய நிகழ்ச்சி அது. ஆனால் ஒன்றை எண்ணிப்பார்க்க வேண்டும். இயந்திரத்துள் இட்ட கையைச் சட்டம் தண்டித்தது. ஏற்பாரின்றிச் சினையுற்றுத் தெருவில் திரியும் பூனைகளை உருவாக்கும் ஆயிரம் கைகளை எச்சட்டமும் எளிதில் எட்டாது. அவ்விடத்தில் சட்டம் முடிந்து அறம் தொடங்குகிறது.

தடைகளும் விடைகளும்

கருத்தடைக்கு எதிராகப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. தாய்மை இன்பத்தைப் பறிப்பது பாவம் என்பர் சிலர். பூனைக்குத் தாய்மை என்பது விரும்பித் தேர்ந்த வாழ்வன்று, உடலின் ஏவல். அவ்வேவல் எழாத பூனை எதையும் இழந்ததாக ஏங்குவதில்லை. ஒருமுறையேனும் ஈன்ற பின்னரே அறுவை செய்யவேண்டும் என்பர் வேறு சிலர். இதற்கு மருத்துவச் சான்று இல்லை. மாறாக, இளமையிலேயே அறுவை செய்த பெண் பூனைக்குப் பால்சுரப்பிப் புற்று மிகவும் குறைகிறது. கருப்பையில் சீழ் பிடிக்கும் நோய்க்கும் இடமில்லாமற் போகிறது. ஆண் பூனை ஊர் சுற்றுவதும், சண்டையிடுவதும், சுவரெங்கும் சிறுநீர் தெளிப்பதும் பெரிதும் அடங்குகின்றன.

இஃது அயலாரின் நலமுமாகும். பூனையின் கீறலால் மனிதரின் தோலில் புண்ணை உண்டாக்கும் ஸ்போரோட்ரிக்கோசிஸ் என்னும் பூஞ்சை நோய் மலேசியாவில் காணப்படுகிறது. சண்டையிட்டுத் திரியும் பூனைகளிடையே இது பரவுகிறது. அறுவைக்குப் பின் பூனை பருத்துவிடும் என்பது ஓரளவு உண்மையே. அளவறிந்து உணவிட்டால் அதனைத் தவிர்க்கலாம்.

செலவு என்பது மெய்யான தடை. நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்கு ஓர் அறுவையின் கட்டணம் சிறிதன்று. அதனைப் பழித்துப் பயனில்லை. விலங்குநல அமைப்புகளின் குறைந்த கட்டணச் சேவையை நாடுவதும், தாமான் மக்கள் கூட்டாகப் பொருள் திரட்டுவதும், ஊராட்சி மன்றங்கள் பிடித்தழிக்கும் செலவில் ஒரு பகுதியைக் கருத்தடைக்குத் திருப்புவதும் அதற்குரிய வழிகளாகும். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகராட்சி 1971இலேயே குறைந்த கட்டணக் கருத்தடை மருத்துவமனையைத் திறந்தது. ஊர் முன்வந்தால் ஏழையும் பின்தங்கமாட்டான் என்பதே அதன் பொருள்.

முடிவுரை

விலங்குப் பெருக்கத்தை எதிர்கொண்ட மனிதனின் வரலாறு மூன்று நிலைகளைக் கொண்டது. முதலில் கொன்றான், அடுத்துக் கைவிட்டான், இறுதியில் தடுக்கக் கற்றான். இம்மூன்று நிலைகளும் இன்றும் ஒரே ஊரில், சில வேளை ஒரே தெருவில், உடன் நிலவுகின்றன. ஒவ்வொரு வீடும் எந்நிலையில் நிற்பது என்பதைத் தானே முடிவு செய்யவேண்டியுள்ளது.

இதில் தமிழ்ப் பள்ளிகளுக்குப் பெரும்பங்கு உண்டு. சாலையோரம் கிடந்த குட்டியைச் சட்டைக்குள் மறைத்து வகுப்புக்குக் கொண்டுவரும் மாணவனின் உள்ளத்தில் அருள் ஏற்கனவே இருக்கிறது. அதனை ஊட்ட வேண்டியதில்லை. அதற்கு அறிவைத் துணை சேர்த்தாற் போதும். குட்டிக்குப் பால் ஊற்றச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர், அது வளர்ந்ததும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும் என்பதையும் உடன் சொல்லிக்கொடுத்தல் வேண்டும்.

தாய்ப்பூனை தன் குட்டியைக் கவ்வித் தூக்குகையில் அதன் பல் குட்டியின் மேனியிற் பதிவதில்லை. பிடியில் உறுதியும் உண்டு. நோவாமற் காக்கும் பரிவும் உண்டு. ஓர் உயிரை வீட்டுக்குள் அழைத்தவர் அதன் வழித்தோன்றல்களுக்கும் பொறுப்பாவார். அவ்வழித்தோன்றல்கள் சந்தையோரத்தில் சாகும்படி பிறவாதிருக்கச் செய்வதும் அப்பொறுப்பின் ஒரு பகுதியே. மலாயாவுக்கு மின்விளக்கின் ஒளியைக் காட்டிய ரவாங், இவ்வருள்நெறியிலும் ஏனைய ஊர்களுக்கு வழிகாட்டுமாயின், அது அவ்வூரின் வரலாற்றுக்குப் பொருந்திய புகழாகும்.